கண்டியின் தண்ணீர்க் கணக்கு

கண்டியில் தண்ணீர்க் கஷ்டம் என்று சொன்னால் கிளிநொச்சிக்காரருக்கும் அனுராதபுரத்துக்காரருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கிற ஊர். தெற்கே ஹந்தானை மலை, நகரின் தலைமேல் உடவத்தகெலே காடு. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி பேராதனைப் பூந்தோட்டத்தைச் சுற்றி, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை என வடக்கே போய், பொல்கொல்லைப் பக்கம் கிழக்கே திரும்பி, தென்னக்கும்புர வழியே தெற்கே இறங்குகிறது. நகரை மூன்று பக்கமும் ஆறு அணைத்துக்கொண்டிருக்கிறது.

இருந்தும் ஜனவரி முடிந்து மழை ஓய்ந்தால் மேட்டுக் குடியிருப்புகளில் குழாய் காற்றைத் துப்பத் தொடங்கும். பவுசர் எப்போது வரும் என்று வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மழை பலமாய்ப் பெய்தால் வேறு கதை: ஆறு செம்மண் குழம்பாக வரும், சுத்திகரிப்பு நிலையம் திணறும், அப்போதும் குழாய் வற்றும். வெயிலிலும் தண்ணீர் இல்லை, மழையிலும் தண்ணீர் இல்லை. வளரும் நாடுகளின் நீர் முகாமை என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது முழுவதையும் இந்த ஒரு நகரத்தைச் சுற்றி நடந்தே பார்த்துவிடலாம். இங்கே குறைவாக இருப்பது தண்ணீர் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் நடுவே யார் கணக்கு வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

அந்தக் கணக்கைப் பார்க்க வாய்ப்பான இடம் மெத எல. கண்டி வாவியிலிருந்து வழிகிற நீர் நகரின் நடுவே ஒரு கால்வாயாக ஓடுகிறது. மெத எல என்றால் நடுக்கால்வாய். வாவியருகே அதைப் பார்த்தால் சற்று மங்கிய நீர், அவ்வளவுதான். சந்தை, பஸ் நிலையம், கடைத்தெரு என்று கீழே நடக்க நடக்க, இருபுறச் சுவர்களிலிருந்தும் சிறு குழாய்கள் எட்டிப் பார்க்கின்றன. ஒன்றிலிருந்து சோப்பு நுரை, ஒன்றிலிருந்து சமையலறை எண்ணெய். வேறொன்றிலிருந்து வருவது என்னவென்று மூக்கே சொல்லிவிடும். வழியில் சேர்கிற கான்கள் தங்கள் பங்கையும் கொட்டுகின்றன. கெட்டம்பேயில் ஆற்றோடு கலக்கும்போது அதைக் கால்வாய் என்பதா சாக்கடை என்பதா என்று தயக்கம் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது திசை. கெட்டம்பேயிலிருந்து ஆறு கட்டுகஸ்தோட்டை நோக்கிப் போகிறது. ஜப்பானியக் கடனில் உருவான பாரிய கண்டி நீர் வழங்கல் திட்டம் குடிநீருக்காக மகாவலியை உறிஞ்சுவது அந்தக் கட்டுகஸ்தோட்டைப் பகுதியில்தான். நகரத்தின் குப்பை மலையான கோஹாகொடவும் அதே ஆற்றங்கரை வட்டாரத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஊறும் கறுப்பு நீர் மகாவலியில் சேர்வதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல காலமாக அளந்து எழுதி வருகிறார்கள். ஒரு வளைவுக்குள் கழிவு போகிறது, அதே வளைவின் அடுத்த முனையில் குடிநீர் வருகிறது. இடையே சில கிலோமீற்றர் ஆறும், சுத்திகரிப்பு நிலையத்தின் குளோரினும் படிகாரமும் மட்டுமே. சுத்திகரித்த நீர் குடிக்கத் தகுந்ததுதான். ஆனால் அதைக் குடிக்கத் தகுந்ததாக்கும் செலவில் ஒரு பகுதி, நாமே போட்ட அழுக்கை நாமே எடுப்பதற்கான செலவு. அது தண்ணீர் பில்லில் தனி வரியாக வருவதில்லை.

பழைய கண்டி இப்படி இருக்கவில்லை என்று பெருமை பேச நான் வரவில்லை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயல்நிலத்தை வாவியாக்கியபோது அழகு அவன் மனதில் இருந்த அளவுக்குக் குடிநீர் இருந்திருக்காது. பாற்கடல் என்று பொருள்படும்படி கிரி முகுத என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1999இல் அந்தப் பாற்கடல் நச்சு நீலப்பச்சைப் பாசி பூத்துப் பச்சை வண்ணக் கலவையாக நின்றது. ஆனாலும் அந்தக் காலத்து ஏற்பாடு ஒன்றில் விஷயம் இருந்தது. அரண்மனைக்குப் பின்னாலிருந்த உடவத்தகெலே பொதுமக்கள் நுழையக் கூடாத தடைக்காடு. அரசனின் வசதிக்கான தடைதான். என்றாலும் மேட்டில் காடு நின்றது, கீழே ஊற்று வற்றவில்லை. ஆங்கிலேயர் 1856இல் அதை ஒதுக்கக் காடாக்கி அந்தத் தடையை வேறு பெயரில் தொடர்ந்தார்கள்.

அதே ஆங்கிலேயர்தான் மற்ற மலைகளை மொட்டையடித்தவர்கள். 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பி முப்பது நாற்பது ஆண்டுகளில் மத்திய மலைநாட்டின் பெருங்காட்டைத் தின்றது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வைத்த தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது. காடு போனால் ஊற்று போகும் என்று அப்போதே தெரிந்திருந்தது. 1873இல் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர் எச்சரிக்கை செய்ய, 5,000 அடிக்கு மேல் காடழிக்கக் கூடாது என்று ஆட்சி முடிவெடுத்தது. கண்டி நகரைச் சுற்றிய மலைகள் அந்தக் கோட்டுக்குக் கீழே. சட்டம் காப்பாற்றிய உயரமும் மக்கள் தண்ணீர் குடிக்கும் உயரமும் வேறு வேறாக இருந்தன.

அந்தக் கோட்டுக்குக் கீழேயும் ஒரு விதிவிலக்கு உண்டு. கண்டிக்காரர் பலருக்கே அது நடைப்பயிற்சிக்குப் போகிற இடமாக மட்டும் தெரியும்: துனுமடலாவ. வாக்கர் எஸ்டேட் என்றும் சொல்வார்கள். கோப்பி, தேயிலை, கொக்கோ எல்லாம் நின்ற தோட்டம். உள்ளே நகரத்துக்குக் குடிநீர் தரும் இரண்டு சிறு நீர்த்தேக்கங்கள். அவற்றைக் காக்க வேண்டுமென்று பயிரைக் கைவிட்டு நிலத்தை அதன் போக்கில் விட்டார்கள். காடு தானாகத் திரும்பி வந்தது. இன்று ஏறத்தாழ 480 ஹெக்டேயர் காடு, மாநகர சபையின் சொத்து. உள்ளே போனால் பழைய தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து, பெயர் தெரியாத கொடிகள் சுற்றி, தாங்கள் ஒரு காலத்தில் இடுப்புயரத்தில் கொய்யப்பட்டவை என்பதை மறந்து நிற்பதைக் காணலாம். அங்கிருந்து தண்ணீர் சரிவிலேயே இறங்கி வருகிறது, பம்பு தேவையில்லை.

நியூயோர்க் நகரம் 1997இல் பெரும் வடிகட்டி நிலையம் கட்டும் செலவைத் தவிர்த்து, கேட்ஸ்கில் மலை நீரேந்து நிலங்களைக் காக்க மேலேயுள்ள ஊர்களோடு உடன்படிக்கை செய்ததை உலகமெங்கும் பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களிலும் சொல்லித்தருகிறார்கள். துனுமடலாவ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு பக்கம்!

நகரம் வளர்ந்தது. துனுமடலாவ போதவில்லை. ஆற்றில் பம்பு வைத்தார்கள். அதைத் தவிர்த்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பம்பு வந்த பிறகு நகரத்துக்கு மேலே அண்ணாந்து பார்க்கும் பழக்கம் போய்விட்டது. தண்ணீர் மலையிலிருந்து வந்தவரை மலையில் யார் வீடு கட்டுகிறான் என்று கேட்டார்கள். தண்ணீர் மோட்டரிலிருந்து வரத் தொடங்கியதும் மின்சாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். ஹந்தானைத் தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, சரிவில் வீடுகளும் விடுதிகளும் ஏறிப் பல காலமாகிவிட்டது.

ஆற்றின் கணக்கு இதைவிடப் பெரிது. மகாவலிக்குக் கண்டி ஒரு வழியூர்தான். 1960களில் ஐ.நா. உதவியோடு தீட்டப்பட்ட பெருந்திட்டத்தின் முதல் பெரிய வேலை பொல்கொல்லை அணைக்கட்டு. 1976இல் இயங்கத் தொடங்கிய அது, ஆற்றை ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே மாத்தளைப் பக்கம் உக்குவெலைக்குத் திருப்புகிறது. அங்கே 40 மெகாவாட் அளவில் மின்சாரம் எடுத்துவிட்டு, கலாவெவ, அனுராதபுரக் குளங்கள் என்று வறண்ட வலயத்துக்கு அனுப்புகிறது. 1977க்குப் பிறகு முப்பதாண்டுத் திட்டத்தை ஆறாண்டுக்குள் சுருக்கி ஓட்டினார்கள். 1979இல் மகாவலி அதிகாரசபை வந்தது. 1985இல் பிரித்தானிய உதவியில் விக்டோரியா: 122 மீற்றர் உயரம், 722 மில்லியன் கன மீற்றர் கொள்ளளவு, 210 மெகாவாட். பழைய தெல்தெனிய நகரம் அதன் அடியில் போனது. கடும் வறட்சியில் நீர் மட்டம் இறங்கும்போது பழைய சுவர்கள் தலைகாட்டும். ஆட்கள் படமெடுக்கப் போவார்கள்.

பொல்கொல்லையில் வடக்கே திருப்பும் ஒவ்வொரு கன மீற்றரும் விக்டோரியாவுக்கும் அதன் கீழுள்ள ரந்தெனிகலைக்கும் ரந்தம்பைக்கும் போகாது. நெல்லா மின்சாரமா என்ற இழுபறி ஒவ்வொரு போகத்திலும் வரும். இதைத் தீர்க்க ஓர் ஏற்பாடும் உண்டு. மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைச் செயலகம் போகத்துக்கு முன் நீர்ப்பாசனக்காரரையும் மின்சார சபையையும் மற்றவர்களையும் உட்கார வைத்து, எங்கே எவ்வளவு திறப்பது என்று திட்டம் போடுகிறது. இலங்கையில் நீர் பற்றி ஒரே மேசையில் பேசும் வழக்கம் உண்மையாக இருப்பது அங்கேதான். குறைகள் உண்டு, ஆனால் மேசை இருக்கிறது. அந்த மேசையில் பேசப்படுவது அளவு. மெத எலயின் நிறமோ ஹந்தானையின் சரிவோ அங்கே நிகழ்ச்சிநிரலில் ஏறுவதில்லை.

குடிநீர் இந்தக் கணக்கில் எவ்வளவு? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2012 குடிசன மதிப்பீட்டில் கண்டி மாவட்டத்தில் ஏறக்குறைய 13 இலட்சத்து 75 ஆயிரம் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்று தாராளமாகக் கொடுத்தாலும், மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு 60 மில்லியன் கன மீற்றர் போதும். பொல்கொல்லையில் ஆண்டுக்குத் திருப்பலாம் என்று திட்டம் எழுதியவர்கள் வைத்த அளவு 875 மில்லியன் கன மீற்றர். அதில் ஏழு வீதம்கூட இல்லை. ஆக, மேட்டு வீட்டுக் குழாய் வற்றுவதற்கு ஆறு காரணம் இல்லை. குழாயின் விட்டம், மேட்டில் இருக்க வேண்டிய தாங்கி, மோட்டருக்கான மின்கட்டணம், நகர எல்லைக்குள் மாநகர சபை, வெளியே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்று நடுவில் ஓடும் கோடு: காரணங்கள் இவை. 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றபோது வெளிநாட்டுக் கடனில் ஓடிக்கொண்டிருந்த திட்டங்கள் பலவும் நின்றன. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நீர்க் கட்டணம் ஏறியது. குழாய் வராத தெருவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆற்றுக்குள் மண் சேர்வது தனிக் கதை. பொல்கொல்லைத் தடாகம் தொடங்கிய 12 ஆண்டுகளுக்குள் தன் கொள்ளளவில் 40 வீதத்துக்கும் மேல் மண்ணுக்குப் பறிகொடுத்தது. மேலே சரிவில் மரக்கறித் தோட்டங்கள், கவனிப்பாரற்ற பழைய தேயிலை, வீதி வெட்டிய மண். வளமான மேல்மண் அணையின் அடியில் கிடக்க, மேலே விவசாயி கடையில் உரம் வாங்குகிறார்.

இனி, பீலி. மலையகத்தைத் தெரியாத வாசகருக்கு: ஊற்றிலிருந்து வரும் நீரை மூங்கில் பிளவாலோ தகரத்தாலோ இரும்புக் குழாயாலோ இறக்கி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் கொட்டவிடுவார்கள். அதுதான் பீலி. குளிப்பது, துணி துவைப்பது, குடிநீர் பிடிப்பது, ஊர்ச்செய்தி பேசுவது எல்லாம் பீலிக்கரையில். கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் விடியற்காலையில் பாருங்கள். மலைக்குப் போக மணியாகிவிடும் என்ற அவசரத்தில் பெண்கள் கேன்களை நகர்த்தி நகர்த்தி நிரப்புவார்கள். மழைக்காலத்தில் நீர் கலங்கலாக வரும், துணியால் வடிப்பார்கள். மாசி பங்குனியில் நூல்போல ஒழுகும். ஒரு குடம் நிரம்பும் நேரத்தில் ஒரு சண்டை தொடங்கி முடிந்துவிடும்.

இவர்கள் இருப்பது நீர்பிடிப்பு மலையின் உச்சியில். நகரம் குடிக்கும் நீர் இவர்கள் கால்வழியே கீழே போகிறது. இவர்களுக்குக் குழாய் வராததற்கு உயரம், செலவு என்று காரணம் சொல்வார்கள். இன்னொரு காரணம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்கு சபை நிதியைச் செலவிட முடியாமல் வைத்திருந்தது. வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், சொந்த லயத்துக்கு ஒரு கிணறு வெட்ட சபையில் பணம் கேட்க முடியாது! 2018இல்தான் திருத்தம் வந்தது. திருத்தம் வந்தபின்னும் நிலம் கம்பனியின் குத்தகையில், ஊற்று கம்பனி நிலத்தில், சபையிடம் காசு சொற்பம். ஊற்றைச் சுற்றி மரம் நடவும் நீர்த்தொட்டி கட்டவும் யாரிடம் அனுமதி கேட்பது என்பது இன்றும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் விடை.

கிராமப் புறத்தில் நிலைமை சற்று மேல். கண்டி மாவட்டத்தில் பல இடங்களில் ஊரார் சங்கம் அமைத்து, ஊற்றைக் காத்து, குழாய் இழுத்து, தாங்களே மீற்றர் பார்த்துக் காசு சேர்க்கிறார்கள். பொருளாளர் நல்லவராக இருக்கும்வரை நன்றாக ஓடும். இந்த சமுதாயத் திட்டங்கள்தான் கண்டியில் ஊற்றையும் குழாயையும் ஒரே கையில் வைத்திருப்பவை. லயங்களுக்கு அதே உரிமையைக் கொடுத்தாலே பாதிக் கதை தீரும் என்பது என் அபிப்பிராயம்.

நீர் அதிகமாகிற கேட்டுக்கு அக்குறணை போதும். பிங்கா ஓயா ஊடறுத்துப் போகும் வியாபார நகரம். ஓடைக்கரையில் கட்டடம், ஓடைக்குள் தூண், சில இடங்களில் ஓடைக்கு மேலேயே கடை. சில மணி நேரப் பெருமழையில் தண்ணீர் கடைக்குள் வந்து துணிக்கட்டுகளை நனைத்துவிட்டுப் போகும். அடுத்த வாரம் நனைந்த துணி மலிவு விற்பனை. கட்டட அனுமதி ஒரு அலுவலகம், ஓடை இன்னொரு அலுவலகம், மேலே காடு வேறொன்று, நிவாரணம் மற்றொன்று.

இதையெல்லாம் ஒரு குடைக்குள் கொண்டுவர நாடு ஒருமுறை முயன்றது. 1992இல் டப்ளின் மாநாடு தண்ணீருக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்று அறிவித்த பிறகு, ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையோடு 1990களின் நடுவில் நீர்வளச் செயலகம் அமைத்து, 2000ஆம் ஆண்டளவில் தேசிய நீர்வளக் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். ஆற்றுப் படுகை அடிப்படையில் திட்டமிடல் அதில் இருந்தது. கைமாற்றக்கூடிய நீர் உரிமை அனுமதியும் இருந்தது. தண்ணீரை விற்கப் போகிறார்கள் என்று விவசாயச் சங்கங்கள் கிளம்பின. அதே 2000இல் பொலிவியாவின் கொச்சபம்பாவில் தண்ணீர்த் தனியார்மயத்தை மக்கள் தெருவில் முறியடித்திருந்தார்கள், அந்தக் காற்றும் வீசியது. கொள்கை பின்வாங்கியது. 2003இல் வந்த நீர்ச் சேவைகள் மறுசீரமைப்பு மசோதா, மாகாண சபைகளைக் கேட்காமல் கொண்டுவரப்பட்டது என்ற காரணத்தால் உயர் நீதிமன்றத்தில் தடைப்பட்டது.

எதிர்த்தவர்கள் சந்தேகப்பட்டது சரி. குளத்து நீருக்கு அனுமதிப் பத்திரம் எழுதினால் அது முதலில் யார் கைக்குப் போகும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஆனால் சந்தையைத் துரத்திய வேகத்தில் படுகை என்ற யோசனையையும் சேர்த்து வீசிவிட்டோம். அதற்குப் பிறகு மேடையில் குளம் கட்டிய பழைய மன்னன் பராக்கிரமபாகுவின் பெயரும், கோப்பில் அடுத்த கடன் திட்டத்தின் பெயரும்தான் மிச்சம்.

கடன் திட்டங்கள் எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2010இல் ஜப்பானோடு கையெழுத்தான கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டம் நகர மையத்தின் கழிவைக் குழாயில் சேர்த்துக் கன்னொறுவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக எழுந்தது. மெத எலக்குக் கிடைத்த முதல் உருப்படியான மருந்து அது. ஆனால் குழாய் எட்டாத சரிவு வீடுகளில் மலசலகூடக் குழிதான். குழி நிறைந்தால் கலிபவுசர், கலிபவுசர் ஏற முடியாத ஒழுங்கையில் மழை. மேல்வீட்டுக் குழியும் கீழ்வீட்டுக் கிணறும் ஒரே மண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டி ஒன்று, பெரும்பாலும் மண்சரிவால். காடு வெட்டிய சரிவு, வடிகால் இல்லாத மேட்டு வீடு, ஆற்றோரம் நிரப்பிய நிலம் ஆகிய மூன்றும் அந்த இரண்டு மூன்று நாளில் தனித்தனி விவகாரமாக இருக்கவில்லை. அனர்த்தத்தைப் பற்றிய பேச்சு நிவாரணத்தில் தொடங்கி வீடமைப்பில் முடிகிறது. நீர்பிடிப்பு பற்றி அதில் பேச்சு குறைவு.

என் தரப்பில் கேட்பது பெரிய சட்டம் அல்ல. பேராதனைக்கும் விக்டோரியாவுக்கும் இடைப்பட்ட மகாவலி வளைவுக்கு மட்டும் ஒரு மேசை. மகாவலி அதிகாரசபை போகத்துக்குப் போடுகிற அதே மாதிரி மேசை. அதில் மாநகர சபை, நீர் வழங்கல் சபை, சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச சபைகள், சமுதாய நீர்ச் சங்கங்கள், தோட்டக் கம்பனி, லயத்திலிருந்து பீலிக்கரைப் பெண்கள் இருவர். மாதம் ஒருமுறை கெட்டம்பேயிலும் கட்டுகஸ்தோட்டையிலும் நீரை அளந்து, மூன்று மொழியிலும் பஸ் நிலையச் சுவரில் ஒட்ட வேண்டும். குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு மேலேயுள்ள ஊற்றுகளைக் காப்பவருக்குப் போக வேண்டும். அடுத்த கடன் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் இவ்வளவையும் செய்துவிடலாம், ஒரு யென் கூடக் கடன் வாங்காமல்.

அந்த மேசையின் முதல் கூட்டத்தைத் துனுமடலாவ நீர்த்தேக்கக் கரையில் வைக்கட்டும். மாநகர சபையின் சொந்த இடம், மண்டப வாடகை மிச்சம்.